இன்-இயரா, பெரிய ஹெட்போனா? ஒலியில் எது எங்கே முந்துகிறது

இந்த ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவை மூன்று. காதுக்குள் செருகுவதில் மூன்ட்ராப் சு 2: 10 மிமீ டைனமிக் டிரைவர் (சவ்வு அசைந்து ஒலியெழுப்பும் பகுதி), 18 ஓம் மின்தடை, கழற்றி மாட்டும் 0.78 மிமீ இரட்டைப் பின் வயர். காதை முழுதாக மூடும் அடைத்த வகையில் ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ்: 45 மிமீ டிரைவர், 38 ஓம், வயர் நீங்கலாக 285 கிராம். பின்பக்கம் திறந்த வகையில் சென்ஹைசர் எச்டி 560எஸ்: 120 ஓம், 240 கிராம், மூன்று மீட்டர் வயர். முதலாவது இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். மற்ற இரண்டும் அதைப்போல் பல மடங்கு விலை. விலை இவ்வளவு தள்ளி நிற்பவற்றை ஒரே தட்டில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஒலியில் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் விலையால் வருவதில்லை. டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவே எவ்வளவு காற்று இருக்கிறது, அது எங்கே கசிகிறது என்பதால் வருகிறது.

பாஸ் என்கிற அடி ஒலியிலிருந்தே தொடங்கலாம், ஆள் அதிகம் ஏமாறுகிற இடம் அதுதான். "டிரைவர் பெருசா இருந்தாத்தான் பாஸ் வரும்" என்று கடைகளில் சொல்வார்கள். 50 மிமீ டிரைவர் 10 மிமீ டிரைவரைவிடப் பல மடங்கு காற்றைத் தள்ளும், உண்மைதான். ஆனால் இன்-இயர் தள்ள வேண்டிய காற்று காதுத் துளைக்குள் இருக்கும் ஒன்றிரண்டு மில்லி மட்டுமே. முனையில் மாட்டும் ரப்பர் காதை நன்றாக அடைத்திருந்தால், அந்தச் சின்ன இடத்தில் சவ்வு கொஞ்சம் அசைந்தாலே அழுத்தம் ஏறி, 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாஸ் குறையாமல் இறங்கும். திறந்த ஹெட்போனில் சவ்வின் முன்பக்கம் தள்ளுகிற காற்றும் பின்பக்கம் இழுக்கிற காற்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. அதனால் எச்டி 560எஸ் போன்ற நல்ல திறந்த ஹெட்போனிலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்ல அடங்கிப் போகும். அடி பாஸின் ஆழம் மட்டும் வேண்டுமென்றால் இரண்டாயிரம் ரூபாய் இன்-இயரே போதும்.

ஆனால் அந்த அடைப்பு நிஜமாக இருக்க வேண்டும். பெட்டியில் வருகிற நடு அளவு ரப்பரை அப்படியே மாட்டிக் கேட்டுவிட்டு "சத்தம் சப்பென்று இருக்கு, கீச்சென்று இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்குக் கோளாறு இயர்போனில் இல்லை. சரியாக மாட்டுவது இப்படி. வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் விடுங்கள். வலது காதுக்கு மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துளை நேராகும். அப்போது வாயைத் திறந்தபடி மெதுவாகத் திருகிச் செருகி, மடலை விட்டுவிடுங்கள். சரியாக அடைத்திருந்தால் அறையின் ஃபேன் சத்தம் சட்டென்று குறையும், நீங்கள் பேசும் குரல் தலைக்குள் முழங்கும்.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை போதும். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, 100 ஹெர்ட்ஸில் சாதாரணச் சத்தத்தில் வைத்து, 60, 40, 30 என்று இறக்குங்கள். ஹெர்ட்ஸ் குறையக் குறையக் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும், அது இயல்பு. 60-க்கும் 40-க்கும் இடையில் ஒலி திடீரென்று காணாமல் போனால் அங்கே கசிவு இருக்கிறது. ஒரு அளவு பெரிய ரப்பர் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருப்பது கட்டாயமில்லை. இடதில் நடு, வலதில் பெரியது என்று போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. ஃபோம் ரப்பர் நன்றாக அடைக்கும், ட்ரெபிள் என்கிற மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், சில மாதத்தில் உப்பும் தன்மையை இழக்கும். துளை அகலமான ரப்பர் ட்ரெபிளைத் திறந்துவிடும், குறுகலானது பாஸை முன்னே தள்ளும். நூறு இருநூறு ரூபாய் ரப்பர் மாற்றுகிற மாற்றத்தை ஈக்வலைசரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செருகும்போது காகிதம் கசங்குவது போல ஒரு சத்தம் சில இன்-இயர்களில் வரும். உள்ளே அடைபட்ட காற்று சவ்வை அழுத்தி வளைப்பதால் வருவது. மெதுவாகச் செருகினால் குறையும். கவலைப்பட வேண்டாம்.

ட்ரெபிள் பக்கம் கணக்கு வேறு. காதுத் துளை சுமார் 25 மிமீ நீளம். ஒரு பக்கம் திறந்து, மறுபக்கம் செவிப்பறையால் மூடிய குழாய். அதனால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைக் காது தானாகவே 10 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது. பிறந்ததிலிருந்து இந்தத் தூக்கலோடுதான் உலகைக் கேட்கிறோம். பெரிய ஹெட்போன் காதுக்கு வெளியே நிற்பதால் மடலும் துளையும் தங்கள் வேலையை வழக்கம்போலச் செய்கின்றன. இன்-இயர் வாசலை அடைத்துவிடுகிறது. பழைய 3,000 ஹெர்ட்ஸ் தூக்கல் போய்விடும். தயாரிப்பவர் அதைக் கணக்கிட்டு டியூனிங்கிலேயே திரும்ப வைத்தாக வேண்டும். இரண்டு பக்கமும் மூடிய குழாய்க்கு 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி இன்னொரு புதிய தூக்கலும் முளைக்கும்.

அந்தப் புதிய தூக்கல் இருக்கும் இடம், நீங்கள் எவ்வளவு ஆழம் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆழமாகப் போகப் போக மிச்சமிருக்கும் குழாய் குட்டையாகி, தூக்கல் இன்னும் மேலே நகரும். "ச", "ஸ" எழுத்துகள் ஒருவருக்கு ஊசி குத்துவது போலவும் இன்னொருவருக்கு இதமாகவும் கேட்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். செயலியில் 6,000-லிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒலி பளிச்சென்று குத்தினால், ரப்பர் அளவை மாற்றி ஒரு மில்லிமீட்டர் உள்ளே அல்லது வெளியே நகர்த்திப் பாருங்கள். குத்தல் இடம் மாறும். இணையத்தில் பிறர் எழுதும் "ட்ரெபிள் ஜாஸ்தி" என்ற விமர்சனத்தை உங்கள் காதுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். பெரிய ஹெட்போனில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தாலும், அது மடலின் வடிவத்தால் வருவது. அந்த மடலோடு நீங்கள் பழகியிருக்கிறீர்கள்.

இனி இசை. ஒப்பிடும்போது முதல் விதி, சத்த அளவைச் சமமாக்குவது. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை மனம் "தரம்" என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு பாட்டில் வாத்தியம் அடங்கிக் குரல் மட்டும் வரும் இடத்தைத் தேர்ந்து, மூன்றிலும் அந்தக் குரல் ஒரே உரப்பில் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்து, அந்த எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

நம் கொங்குப் பக்கத்து நோம்பிகளில், அதாவது ஊர்த் திருவிழாக்களில், கேட்டுப் பழகிய உருமியும் தவிலும் இந்தச் சோதனைக்கு வெளிநாட்டு டெமோ பாட்டுகளைவிட நன்றாக உதவும். உருமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வரும் உறுமல் கீழ் பாஸில் வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும். சு 2-வில் அந்த வழுக்கல் அடிவரைக்கும் அறுபடாமல் தொடரும். எம்50எக்ஸில் உறுமல் இன்னும் பருமனாக வரும். அதன் நடு பாஸ் தூக்கலால் ஊர்வலத்தின் பக்கத்தில் நிற்கும் உணர்வு கிடைக்கும், ஆனால் உறுமலும் கூடவே அடிக்கும் பம்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எச்டி 560எஸ்ஸில் உறுமலின் அடி ஆழம் கொஞ்சம் மெலிந்து, குச்சி தோலில் உரசும் சொரசொரப்பு தனியாகக் கேட்கும்.

தவிலில் வேறுபாடு இன்னும் தெளிவு. வலது கை விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலையின் "ணங்" ஓசை வெட்டிக்கொண்டு வர வேண்டும். இடது பக்கத் தொப்பியில் குச்சி விழும்போது வரும் "தொம்" ஒரு வீச்சில் எழுந்து உடனே அடங்க வேண்டும். எம்50எக்ஸில் "தொம்" கொஞ்சம் நேரம் தங்கி அடுத்த அடியின் மேல் விழுகிறது, வேகமான தனி ஆவர்த்தனத்தில் இது உறுத்தும். சு 2-வில் இரண்டு முகமும் தெளிவு, ஆனால் இரண்டும் தலைக்குள் ஒரே புள்ளியில் அடிப்பது போல இருக்கும். எச்டி 560எஸ்ஸில் நாகஸ்வரக்காரர் ஓரிடம், தவில்காரர் ஓரிடம், பின்னால் தாளம் ஓரிடம் என்று பிரித்து எண்ண முடிகிறது. நாகஸ்வரம் உச்சத்தில் நிற்கும்போது சு 2 சற்றுக் காரமாகவே இருக்கும். நீண்ட ஆலாபனை கேட்பவர்கள் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஈக்வலைசரில் இரண்டு டெசிபல் குறைத்துக்கொண்டால் சுகம். தம்பூராவின் ஜீவா ஓசை, அதாவது தந்தி பாலத்தில் உரசி எழும் அந்த ரீங்காரம், மூன்றிலும் நன்றாகவே வருகிறது. ஆனால் அது பாடகரைச் சுற்றிப் பரவி நிற்பது திறந்த ஹெட்போனில் மட்டும்தான்.

இந்தப் பரவல் எங்கிருந்து வருகிறது? ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிப்பதில் காது மடலின் மடிப்புகளுக்குப் பெரிய பங்கு. பெரிய ஹெட்போனில் ஒலி மடலில் பட்டுத்தான் உள்ளே போகிறது. இன்-இயரில் மடலுக்கு வேலையே இல்லை. திறந்த வகையில் பின்பக்க ஒலி வெளியேறிவிடுவதால் கிண்ணத்துக்குள் எதிரொலித்து மீண்டும் காதில் விழுவதும் குறைவு. 1968-ல் சென்ஹைசர் எச்டி 414 வெளிவந்த காலத்திலிருந்து திறந்த ஹெட்போன்களை நாடுபவர்கள் இதற்காகவே நாடுகிறார்கள். எத்தனை டிரைவர் அடுக்கிய விலையுயர்ந்த இன்-இயராக இருந்தாலும் இந்த ஒன்றில் நல்ல திறந்த ஹெட்போனை எட்டுவது அரிது என்பதே எங்கள் கணிப்பு. ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: பழைய மோனோ திரைப்பாடல்கள்தான் நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு என்றால் இந்தப் பரவலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மோனோ எதில் கேட்டாலும் நடுவில்தான் நிற்கும்.

எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பது அடுத்தது. கொங்குப் பகுதியில் இது சாதாரணக் கேள்வி இல்லை. சோமனூர், பல்லடம், ஈரோட்டுப் பக்கம் வீட்டோடு ஒட்டியே தறிக்குடோன் ஓடும். அங்கே திறந்த ஹெட்போன் வாங்குவது வீண். தறிச் சத்தம் அப்படியே உள்ளே வரும், அதை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுவீர்கள், ஒலித்தரம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. நன்றாகப் பொருந்திய சிலிக்கான் ரப்பர் சுமார் 20 டெசிபல் வெளிச்சத்தத்தைக் குறைக்கும், ஆழமாகச் செருகும் ஃபோம் அதற்கும் மேலே. எம்50எக்ஸ் போன்ற அடைத்த ஹெட்போன் குறைப்பது இதைவிடக் குறைவு, அதுவும் கீழ் பாஸில் மிகக் குறைவு.

சத்தம் நீக்கும் ஏஎன்சி இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். ஏஎன்சி நன்றாக வேலை செய்வது ஒரே சீராக ஓடும் கீழ் அதிர்வெண் ஒலியில்: பொள்ளாச்சி பஸ்ஸின் இன்ஜின் இரைச்சல், ஜெனரேட்டர், ஏசி. ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் உதவி சொற்பம். தறியில் ஷட்டில் மோதும் "டக் டக்" வெடிப்பு ஒலி அந்த எல்லைக்கு மேலும் பரவியிருப்பதால், அதைத் தடுப்பது ரப்பரின் அடைப்புதான், மின்சுற்று இல்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ஏஎன்சியின் வெளி மைக்குகளில் காற்று மோதி, இல்லாத இரைச்சலைக் காதுக்குள் கொண்டுவரும். மாடியிலோ தோட்டத்திலோ நடப்பவர்கள் அப்போது ஏஎன்சியை அணைத்துவிடுங்கள்.

ஓடும் தறிக்கு நடுவே பாட்டுக் கேட்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வெளியே 95 டெசிபல் என்று வையுங்கள். ரப்பர் 20 குறைத்தால் உள்ளே 75 மிஞ்சும். அதன் மேல் பாட்டு தெளிவாகக் கேட்க 85-ஆவது வைப்பீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்புப்படி 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. பொழுதுபோக்குக்குக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். தினமும் ஒரு ஷிப்ட் முழுக்கப் பாட்டோடு ஓட்டுவது இந்த வாரக் கணக்கில் அடங்காது. வண்டி ஓட்டும்போது இன்-இயர், ஹெட்போன் இரண்டில் எதுவும் வேண்டாம்.

போனில் செருகினால் சத்தம் போதுமா என்பதற்குப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஏனென்றால் ஆளுக்கொரு அளவில் போடுகிறார்கள். சு 2: ஒரு வோல்ட்டுக்கு 119 டெசிபல். எச்டி 560எஸ்: ஒரு வோல்ட்டுக்கு 110. எம்50எக்ஸ்: 99, ஆனால் அது ஒரு மில்லிவாட்டுக்கு. 38 ஓமில் ஒரு மில்லிவாட் என்பது சுமார் 0.195 வோல்ட்தான். ஒரு வோல்ட்டுக்கு மாற்றினால் 113 வரும். ஆக 99 என்று போட்டிருப்பது 110-ஐவிடச் சத்தம். அரை வோல்ட் மட்டும் தரும் டைப்-சி டாங்கிளிலும் (போனின் சார்ஜர் துளையில் செருகி ஹெட்போனை மாட்டும் குட்டிக் கருவி) எச்டி 560எஸ் 104 டெசிபல் வரை போகும். இந்த மூன்றுக்கும் ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் வாங்க வேண்டியதில்லை. "120 ஓம், ஆம்ப் இல்லாம ஓடாது" என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் பற்றிச் சுருக்கமாக. ஒரே விலையில் வயர் உள்ளதில்தான் ஒலிக்குப் பணம் போகிறது, மற்றதில் பேட்டரிக்கும் சிப்புக்கும் போகிறது. பட்ஸின் குட்டி பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்தால் பெரும்பாலும் மாற்ற வழியில்லை. வேலைக்கு நடுவே போன் பேச வசதி, அவ்வளவுதான்.

பழுதுகள் நம் ஊருக்கென்றே சில உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் நூல் மில்களிலும் இருப்பவர்களின் இன்-இயரில் பஞ்சுத் தூசியும் காதழுக்கும் சேர்ந்து, ரப்பர் மாட்டும் குழாயான இயர்போன் மூக்கின் வலையில் மெல்லிய படலமாகப் படியும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் டிரைவர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ரப்பரைக் கழற்றி, வலையைத் தரையைப் பார்க்கத் திருப்பிப் பிடித்து, காய்ந்த மென்மையான டூத்பிரஷால் தட்டித் தட்டித் துடையுங்கள். மேலே பார்க்கப் பிடித்துத் துடைத்தால் அழுக்கு உள்ளே இறங்கும். ஊசி வைக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் போகும். சு 2-வில் மூக்கையே திருகிக் கழற்றி மாற்றலாம், இந்த விலையில் அது பெரிய வசதி. ரப்பரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

இரட்டைப் பின் வயரை மாற்றும்போது ஒரு பக்கம் தலைகீழாகச் செருகிவிட்டால் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓடும், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பாஸ் மெலியும், நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றிக் கலங்கும். அப்படிக் கேட்டால் ஒரு பக்கத்துப் பின்னை மட்டும் திருப்பி மாட்டுங்கள்.

ஹெட்போனில் முதலில் போவது குஷன். ரெக்ஸின் போன்ற பியு மேலுறை வியர்வையிலும் சேலம், கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலிலும் ஓரிரு ஆண்டில் செதில் செதிலாக உரியும். உரிவதைவிட முக்கியம் உள் ஸ்பாஞ்ச் அமுங்குவது. காது டிரைவருக்கு அருகில் போய் ட்ரெபிள் மாறும், அடைப்பு விட்டு பாஸ் குறையும். ஹெட்போன் "பழசாகி சத்தம் மாறிடுச்சு" என்பது பெரும்பாலும் இதுதான், புது குஷன் போட்டால் திரும்பி வரும். எச்டி 560எஸ்ஸின் வெல்வெட் துணி குஷன் உரியாது, வியர்வையும் குறைவு, ஆனால் தூசி பிடிக்கும். கண்ணாடி போடுபவர்களுக்கு அடைத்த ஹெட்போனில் கண்ணாடிக் காம்பு போகும் இடத்தில் கசிந்து பாஸ் இறங்கும். திறந்த வகையில் இந்த இழப்பு அவ்வளவு தெரியாது. ஜிமிக்கி, பெரிய கம்மல் போடுபவர்களுக்கு எம்50எக்ஸின் இறுக்கம் அரை மணியில் வலிக்கும். அவர்களுக்கு இன்-இயர் மேல்.

கோவை காந்திபுரம், கிராஸ்கட் ரோடு பக்கத்துக் கடைகளில் ஹெட்போனைப் போட்டுக் கேட்கவிடுவார்கள். சுகாதாரம் கருதி இன்-இயருக்குப் பலர் விடுவதில்லை, உங்களுக்குப் பொருந்தும் ரப்பரை வீட்டிலிருந்தே கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். பேர்பெற்ற மாடல்களுக்குப் போலி நிறைய உலவுகிறது. வழக்கமான விலைக்குப் பாதியில் தந்தால், பில்லும் சீரியல் எண்ணும் வாரண்டியும் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஐயாயிரத்துக்குள் பணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வயர் இன்-இயர் வாங்குங்கள். அந்த விலையில் கிடைக்கும் பெரிய ஹெட்போன்களில் பலவற்றில் பாஸ் வீங்கிக் குரல் பின்னால் போய்விடுகிறது. பத்தாயிரத்துக்கு மேல் செலவழிக்க முடிந்து, இரவில் அமைதியாகும் ஒரு அறையும் இருந்தால் எச்டி 560எஸ்ஸை எடுங்கள், இந்த மூன்றில் கச்சேரி கேட்பதற்கு அதற்கே எங்கள் ஓட்டு. வயர் மூன்று மீட்டர், முனையில் 6.3 மிமீ பெரிய பின். போனுக்கு வேண்டிய 3.5 மிமீ அடாப்டர் கூடவே வரும். வீட்டில் மற்றவர் தூங்கும்போது கேட்பவர் எம்50எக்ஸ் பக்கம் போகலாம், ஏனென்றால் திறந்த ஹெட்போனிலிருந்து பாட்டு பக்கத்துக் கட்டில் வரை கேட்கும்.